ஊர்க்குருவியும் பருந்தும்

‘உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா?’ என்றொரு பழமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. பரீட்சையில் திறமைச் சித்தி பெற்ற கூலித் தொழிலாளியின் மகனைப் பற்றி இப்பழமொழி சொல்லப்பட்டதை நான் கேட்டிருக்கின்றேன். ஓலைக் குடிசை இருந்த இடத்தில் கல்வீடு எழுப்பிய குடும்பத்தைச் சுட்டி, வேலிக்கு இப்பால் நின்று சொல்லப்பட்டதையும் கேட்டிருக்கின்றேன். கோயில் வீதியிலும் கலியாணப் பேச்சிலும் மட்டுமன்றி, ஆசிரியர்கள் கூடியிருந்து தேநீர் அருந்தும் அறையிலுங்கூட அது ஒலித்ததுண்டு. பிறப்பினால் வந்த உயரமே உயரம், முயற்சியினால் வந்த உயரம் வெறும் சிறகடிப்பு என்பதே அதன் உட்கிடை. ஒரு சமுதாயம் தன் ஏற்றத்தாழ்வுகளை இயற்கையின் நியதி என்று காட்டுவதற்குப் பறவைகளைக்கூடச் சாட்சிக்கு அழைத்துக்கொள்கின்றது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது விஞ்ஞானம் கற்பிப்பவனின் கடமையாகும். ஆகவே, பருந்து எவ்வாறு உயர்கின்றது என்று கேட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் வயல்வெளிக்கு மேலே வட்டமிடும் பருந்தைக் கவனித்தவர்கள், அது சிறகடிப்பதே இல்லை என்பதைக் கண்டிருப்பார்கள். விரித்த சிறகை விரித்தபடியே வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி மேலே போகின்றது. வெயில் நிலத்தைச் சூடாக்குகின்றது. நிலம் தன்னைத் தொட்டு நிற்கும் காற்றைச் சூடாக்குகின்றது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகின்றது. அந்தக் காற்றுத் தூணுக்குள் பருந்து புகுந்துகொள்கின்றது. அவ்வளவுதான். ஊர்க்குருவியோ கூரையிலிருந்து வேலிக்குப் பறப்பதற்கும் தன் சொந்தத் தசையை வருத்திச் சிறகடிக்க வேண்டும். உழைத்துப் பறப்பது குருவி; ஏறிவரும் காற்றில் அமர்ந்து உயர்வது பருந்து. பழமொழியை ஆக்கியவர்கள் இதனைக் கவனிக்கவில்லை. அல்லது கவனிப்பது அவர்களுக்கு வசதியாக இருக்கவில்லை.

எனினும் பருந்துக்கும் நாம் நியாயம் செய்தல் வேண்டும். மேலெழும் காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அஃது எங்கே எழுகின்றது என்று அறியும் திறமை பருந்துக்கு இருக்கின்றது. அது கற்றுக்கொள்ளத்தக்க திறமையா என்பதே கேள்வி. கற்றுக்கொள்ளத்தக்கதே என்று கடந்த அரை நூற்றாண்டு காலத்தில் மனிதன் காட்டிவிட்டான். இயந்திரம் இல்லை, எரிபொருள் இல்லை, விறைப்பான சட்டம் ஏதும் இல்லை. ஒரு துணிச் சிறகும் அதிலிருந்து தொங்கும் நூல்களும் மாத்திரமே. மலைச்சரிவில் நாலடி ஓடிக் காற்றிலே கால்வைக்கும் இந்த விளையாட்டுக்குப் பராகிளைடிங் என்று பெயர். உலகின் பல மலைநாடுகளில் இன்று அது பரவியிருக்கின்றது. நம் பத்திரிகைகளில் அது பணக்காரப் பிரயாணிகளின் படத்தோடு மாத்திரம் தோன்றுவதால், அதன் பின்னாலுள்ள மனிதக் கதை நமக்குத் தெரியாமல் போய்விடுகின்றது. அதனைச் சொல்வதே என் நோக்கம்.

இக்கதையை ஜேர்மனியரான ஒட்டோ லிலியந்தாலிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். அவர் பொறியியலாளர். நாரைகள் பறப்பதைச் சிறுவயது முதலே கவனித்து வந்தவர். சிறகின் வளைவு எவ்வாறு தாங்குவிசையைப் பிறப்பிக்கின்றது என்று பல்லாண்டு அளந்து பார்த்து, 1889 இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். 1891 முதல் 1896 வரை, பிரம்பு போன்ற வளாரினாலும் பருத்தித் துணியினாலும் தாமே செய்த சிறகுகளைத் தாங்கி, ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தார். பெர்லின் நகருக்கு அருகே இதற்கென்றே மண்ணைக் குவித்து ஒரு குன்றையும் அமைத்துக்கொண்டார். 1896 ஓகஸ்ட் 9 ஆம் திகதி காற்றிலே நிலைதவறி விழுந்து, மறுநாள் மாண்டார்.

விமானத்தின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. லிலியந்தால் ஒரு சிறு இயந்திரத் தொழிற்சாலையின் சொந்தக்காரர் என்பதையும், 1890 இல் அதன் இலாபத்தில் நாலிலொரு பங்கைத் தொழிலாளருக்குக் கொடுக்கும் முறையை ஏற்படுத்தினார் என்பதையும் அவை சொல்வதில்லை. ஏழைகளும் வந்து பார்க்கத்தக்கதாகக் குறைந்த கட்டணத்தில் நாடகம் நடத்திய அரங்கொன்றில் அவர் பங்கெடுத்ததையும், தாமே ஒரு நாடகம் எழுதியதையும் சொல்வதில்லை. மனிதன் தாராளமாகப் பறக்கத் தொடங்கினால் எல்லைக்கோடுகள் பொருளற்றுப் போகும், போர்கள் ஓயும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எவ்வளவு கொடுமையாகப் பொய்த்தது என்பதை இருபதாம் நூற்றாண்டில் குண்டுவீச்சுக்கு ஆளான எந்த நகரமும் சொல்லும். ஆனால் நம்பிக்கை பொய்த்தமைக்கு நம்பியவர் குற்றவாளியல்லர். அவருடைய சிறகை யார் கைப்பற்றினார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இயந்திரம் வந்தது; அதற்குப் பின் இராணுவம் வந்தது; சறுக்கிப் பறத்தல் சிலருடைய பொழுதுபோக்காய் ஒதுங்கியது. துணிச் சிறகு மறுபடியும் பிறந்தது 1960 களில். அமெரிக்காவில் டொமினா ஜல்பேர்ட் என்பவர் பட்டம் செய்வதில் வல்லவர். மேலொரு துணியும் கீழொரு துணியுமாக வைத்து, இடையே துணித் தடுப்புகளைத் தைத்து, முன்விளிம்பைத் திறந்துவிட்டால், எதிர்க்காற்றே உள்ளே புகுந்து அதனைச் சிறகாக விறைக்கச் செய்யும் என்று அவர் கண்டார். அதே காலத்தில் டேவிட் பாரிஷ் என்ற இன்னொருவர், விண்கலங்களைப் பூமியில் இறக்குவதற்கென்று தாம் அமைத்த துணிச் சிறகை 1965 இல் ஒரு மலைச்சரிவில் தாமே கட்டிக்கொண்டு பறந்து பார்த்தார். விண்வெளித் திட்டம் அவருடைய சிறகை ஏற்கவில்லை. பார்த்தவர்களும் வேடிக்கையென்று போய்விட்டார்கள்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1978 இல், பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள மியூசி என்ற கிராமத்தில், ஜோன் குளோட் பெதான், அந்திரே போன், ஜெரார் போசோன் என்ற மூன்று நண்பர்கள் அதனை மீண்டும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் விமானத்திலிருந்து பரசூட்டோடு குதித்துப் பழகுபவர்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் விமானக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. ‘கட்டணம் கட்டாமல் மலையிலிருந்தே ஓடி இறங்கினால் என்ன?’ என்று நினைத்தார்கள், ஓடினார்கள், சிறகு தூக்கிக்கொண்டது. பெருங்கம்பனியின் ஆராய்ச்சிக் கூடமோ, சேனையின் கட்டளையோ இவ்விளையாட்டைப் பெற்றெடுக்கவில்லை. செலவைக் குறைக்கவேண்டும் என்ற சாதாரண மனிதரின் தேவையே பெற்றெடுத்தது. சரிவு என்று பொருள்படும் தங்கள் மொழிச் சொல்லைப் பரசூட்டோடு இணைத்து, அவர்கள் அதற்குப் பெயரும் இட்டார்கள்.

இனி, அச்சிறகு வேலைசெய்யும் முறையைச் சற்றுப் பார்ப்போம். ஒருவருக்குரிய சிறகு ஏறத்தாழ 20 முதல் 30 சதுர மீற்றர் பரப்புள்ள நைலோன் துணி. அதன் வயிற்றிலே வரிசையாகப் பல அறைகள். முன்பக்கத் திறப்பினால் புகும் காற்று அறைகளை நிரப்பி அழுத்தமாக நிற்பதனால், எலும்பில்லாத அத்துணி எலும்புள்ள சிறகின் வடிவைப் பெறுகின்றது. பறப்பவர் ஏழெட்டு மீற்றர் கீழே, நூல்களில் தொங்கும் இருக்கையொன்றில் அமர்ந்திருக்கின்றார். அவருடைய பாரமே சிறகைச் சமநிலையில் வைக்கின்றது. இரண்டு கைகளிலும் இரண்டு பிடிகள். வலதுபிடியை இழுத்தால் சிறகின் வலப்பக்கப் பின்விளிம்பு தாழ்ந்து, வேகம் அப்பக்கம் குறைந்து, சிறகு வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து ஆழமாக இழுத்தால் வேகம் தணியும், தரையிறங்குவது அப்படித்தான். சாதாரண வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீற்றர். அமைதியான காற்றில் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு மீற்றர் அளவு கீழிறங்கும். ஒரு மீற்றர் இறங்கும்போது எட்டு அல்லது பத்து மீற்றர் முன்னே செல்லும். முழுத் தொகுதியும் முதுகிற் சுமக்கும் ஒரு பையினுள் அடங்கிவிடும்.

ஆகவே, பராகிளைடர் எப்போதும் விழுந்துகொண்டேயிருக்கும் ஒரு பொருள். விழும் வேகத்தைவிட அதிக வேகத்தில் மேலெழும் காற்றுக்குள் அதனைக் கொண்டுசெல்வதே பறப்பவரின் கலை. பாறைமுகம், உழுத நிலம், ஊரின் கூரைகள் ஆகியன சீக்கிரம் சூடேறும். காடும் நீர்நிலையும் மெல்லச் சூடேறும். இவ்வேறுபாட்டிலிருந்தே வெங்காற்று கிளம்புகின்றது. அது மேலே சென்று குளிர்ந்து, தன் ஈரத்தைப் பஞ்சு மேகமாக்கி விட்டுவிடுகின்றது. கீழே நிலத்தையும் மேலே மேகத்தையும் நடுவே பறவைகளையும் படிப்பவன் உயர்கின்றான். இவ்வறிவைத் துணையாகக் கொண்டு, பிற்பகல் ஒன்றில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒரு துளி எரிபொருளும் இன்றிப் பறப்பவர்கள் இன்று பலர் இருக்கின்றார்கள்.

இவற்றை நூல்களிற் படித்திருந்தேனேயன்றி, நேரே காணும் வாய்ப்பு எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்தது. கல்வி சம்பந்தமான ஒரு கூட்டத்துக்காக இந்தியாவின் ஹிமாசலப் பிரதேசத்துக்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்தபின் இரண்டு நாட்கள் மிஞ்சின. பேருந்திலேறி பீர் என்னும் ஊருக்குப் போனேன். தௌலாதார் மலைத்தொடரின் அடியில், தேயிலையும் நெல்லும் விளையும் ஊர் அது. திபெத்திலிருந்து ஏதிலிகளாய் வந்தவர்களுக்கு 1960 களில் அங்கே ஒரு குடியேற்றம் அமைக்கப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அங்கு பாடசாலைக்குப் போகின்றார்கள். ஊரிலிருந்து 14 கிலோமீற்றர் மலைப்பாதையில் ஏறினால், ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் பில்லிங் என்ற புல்வெளி வருகின்றது. 2015 இல் பராகிளைடிங் உலகக் கிண்ணப் போட்டியின் ஒரு சுற்று அங்கே நடைபெற்றது. ஒக்டோபர் மாதம், மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

என்னை அழைத்துச் சென்றவர், இருவர் செல்லும் பெரிய சிறகை ஓட்டும் இளைஞர். கத்தி என்னும் ஆட்டிடையர் குலத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் எனக்குத் தெரிந்த ஹிந்தியிலுமாக எங்கள் பேச்சு நடந்தது. நான் ஆசிரியன் என்று அறிந்ததும் ‘மாஸ்டர்ஜி’ என்றே அழைத்தார். என்னைப் பட்டிகளால் பிணைத்துவிட்டு, “ஓடுங்கள் மாஸ்டர்ஜி, நான் சொல்லும்வரை ஓடுங்கள், கால் தரையை விட்டாலும் ஓடுங்கள். பயணிகள் எல்லாரும் ஓடவேண்டிய நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள்” என்றார். ஓடினேன். நாலாம் அடியிலோ ஐந்தாம் அடியிலோ நிலம் இல்லை.

அதன் பின் எனக்கு வியப்பளித்தது உயரம் அன்று, அமைதி. நூல்களில் காற்று உரசும் மெல்லிய ஒலியும், ஏறும்போது கீச்சிடும் ஒரு சிறு கருவியின் ஒலியுமன்றி வேறு சத்தம் இல்லை. ஒரு பாறைமுகத்தின்மேல் இரண்டு மலைக்கழுகுகள் சுற்றுவதைக் கண்டு, இளைஞர் சிறகை அப்பக்கம் திருப்பினார். கருவி கீச்சிடத் தொடங்கிற்று. கழுகுகளும் நாங்களும் ஒரே காற்றுத் தூணில் ஒரே திசையில் சுற்றினோம். அவை எங்களைக் கண்டு அஞ்சவுமில்லை, விலகவுமில்லை. கீழே சிவந்த நெல்வயல்களும் ஓட்டுக்கூரைகளும் கிடந்தன. ஆடுகளின் கழுத்துமணி ஓசை அத்தனை உயரத்துக்கும் ஏறிவந்தது.

அந்த மணியோசையைக் கேட்டதும் அவர் தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். கோடைதோறும் பாட்டனார் தம் மந்தையோடு இதே பில்லிங் வழியாக ஏறி, தம்சர் கணவாயைத் தாண்டி, படா பங்காஹால் மேய்ச்சல் நிலத்துக்குப் போவாராம். எந்தச் சரிவில் எத்தனை மணிக்குக் காற்று மாறும், எந்த மேகம் மழையைக் கொண்டுவரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாம். “வெளிநாட்டுக்காரர் முதன்முதல் வந்தபோது பாட்டனார் சிரித்தார்: நான் ஐம்பது ஆண்டு நடந்து படித்ததை இவர்கள் கருவி வைத்துத் தேடுகிறார்களே என்று” என்றார் அந்த இளைஞர். அவர் முதலில் அவ்வெளிநாட்டாரின் பைகளைச் சுமந்தார். பிறகு சிறகுகளை மடித்துக் கொடுத்தார். பிறகே பறக்கக் கற்றார்.

தரையிறங்கிய பின், சிறகை மடித்துக்கொண்டிருந்தவரிடம் சில கேள்விகள் கேட்டேன். சிறகு அவருடையதன்று, முதலாளி ஒருவருடையது. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. பறப்புக்கு இவ்வளவு என்று கூலி. ஆண்டுதோறும் ஜூலை நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை மழைக்காலத்தில் பறப்பதற்கு அரசாங்கத் தடை உண்டு. அந்த இரண்டு மாதமும் கூலி இல்லை. அப்போது ஆப்பிள் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கப் போவார். “காற்று எங்களை மேலே கொண்டுபோகிறது, காசு வேறு பக்கம் போகிறது, மாஸ்டர்ஜி” என்று சொல்லி, மடித்த சிறகைத் தோளிலேற்றி, அடுத்த பயணியை நோக்கி நடந்தார். காற்றை வாசிக்கும் அறிவு பாட்டனாரிடமிருந்து வந்தது. கையின் திறமை அவருடையது. சிறகு மாத்திரம் இன்னொருவருடையது. உலகின் மற்றத் தொழில்களிலே நாம் காணும் கணக்கு, மேகத்துக்கு அருகிலும் அப்படியே இருக்கின்றது.

சிறகுக்கும் ஒரு கணக்குண்டு. பராகிளைடர் துணியை இயந்திரம் தானாகத் தைத்துவிடுவதில்லை. நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒரு மில்லிமீற்றரும் பிசகாமல் பொருத்தித் தைக்க மனிதக் கை வேண்டும். ஐரோப்பியப் பெயர்தாங்கிய பல சிறகுகள் வியட்நாம் போன்ற ஆசிய நாடுகளின் தொழிற்சாலைகளிலேயே தைக்கப்படுகின்றன. மியூசியில் அம்மூவரும் மலையிலிருந்து ஓடிய அதே 1978 ஆம் ஆண்டிற்றான் கட்டுநாயக்காவில் நமது முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. தையல் இயந்திரத்தின் முன் குனிந்து, தான் ஒருபோதும் அணியப்போகாத உடையைத் தைக்கும் பெண்ணின் முதுகுவலி எத்தகையது என்பதை இலங்கை வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. தான் ஒருபோதும் பறக்கப்போகாத சிறகைத் தைப்பவளும் அவளுடைய சகோதரியே. பறப்பவரின் உயிர் அவளுடைய ஒவ்வொரு தையலிலும் தொங்குகின்றது.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். மேலே நான் கண்ட அமைதி என்னை ஏன் அவ்வளவு தூரம் ஆட்கொண்டது என்று அன்றிரவு யோசித்தேன். 1980 களிலும் 1990 களிலும் வடபகுதியில் வளர்ந்த நாங்கள் வானத்தைக் கண்ணால் அறிவதற்கு முன் காதால் அறிந்தவர்கள். பொம்மர், ஹெலி, சகடை என்று ஒலியை வைத்தே பெயர் சொல்லுவோம். பெயர் சொல்லி முடிவதற்குள் பதுங்குகுழிக்குள் இருப்போம். இரவில் பரா வெளிச்சம் இறங்கும். ஊர் முழுவதும் நிழலில்லாத ஒரு வெளிறிய பகலாகும். விடிந்ததும் எரிந்து முடிந்த பரா வெளிச்சங்களின் துணியைத் தேடிச் சிறுவர்கள் வயலுக்கு ஓடுவோம். வழவழப்பான அந்த வெள்ளைத் துணி எங்களுக்கு ஒரு புதையல். பரசூட் துணி மனிதனைத் தாங்கிப் பறக்கவும் வல்லது என்று அன்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருக்கமாட்டோம்.

மேலிருந்து பார்ப்பவன் என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. அவன் பார்ப்பது அளப்பதற்காக, அளப்பது அழிப்பதற்காக. ஆயுதம் இல்லாமல், ஓசை இல்லாமல், ஒரு துணியை நம்பி மேலே சென்று, வயலையும் கூரையையும் ஆட்டு மந்தையையும் ஒரு பெரும் குடும்பமாகக் காணமுடியும் என்பதை பில்லிங் மலைக்கு மேலேயே நான் அறிந்தேன். வானத்துக்கு நாம் அஞ்சியது வானத்தின் குற்றத்தால் அன்று.

ஆனால் துணிக்கும் நாம் ஏமாந்துவிடக்கூடாது. 2025 ஒக்டோபர் 6 ஆம் திகதி இரவு, மியன்மார் நாட்டின் சகாயிங் பிராந்தியத்தில், பௌர்ணமிப் பண்டிகைக்காக விளக்கேந்திக் கூடியிருந்த மக்கள்மீது, இயந்திரம் பூட்டிய பராகிளைடரிலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. சிறுவர்கள் உட்பட இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். லிலியந்தாலின் கனவுக்கு இயந்திர விமானம் செய்ததை, மியூசி நண்பர்களின் விளையாட்டுக்கு இது செய்தது. கருவி தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. அதனை வைத்திருக்கும் கை யாருடையது, அந்தக் கையை ஆட்டுவிப்பது எது என்பதே முடிவைத் தருகின்றது. விஞ்ஞானத்தைச் சமுதாயத்திலிருந்து பிரித்துக் கற்பிக்க இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

இயற்கையும் விளையாட்டுத் தோழியன்று. 2007 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊருக்கு அருகே பயிற்சியில் ஈடுபட்டிருந்த ஜேர்மனிய வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் ஒன்று உள்ளிழுத்தது. அவர் 9,946 மீற்றர் உயரம் வரை கொண்டுசெல்லப்பட்டார். அது எவரெஸ்ட் சிகரத்தினும் உயர்ந்தது. உறைகுளிரிலும் மூச்சுக்காற்றின்மையாலும் நினைவிழந்து, பின்னர் நினைவு மீண்டு, உயிரோடு தரையிறங்கினார். அதே புயலில் அகப்பட்ட சீன வீரர் ஒருவர் மாண்டார். ஒரே காற்றுத்தான் தூக்கியது. ஒருவரை விட்டது, ஒருவரைக் கொண்டது. ஆகவேதான், இதனைக் கற்பவர் முதலில் சிறு மேட்டில் ஓடிப் பழகுகின்றார்; தகுதிபெற்ற ஆசானின் கண்முன் பறக்கின்றார்; அவசரப் பரசூட்டைக் கூடவே வைத்துக்கொள்கின்றார். இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘இன்று பறப்பதில்லை’ என்று சொல்லி இறங்கி நடக்கப் பழகுகின்றார். பில்லிங் இளைஞர் சொன்னதும் அதுவே: பறக்காத நாளை எண்ணத் தெரிந்தவனே ஓட்டி. கூலி பறப்புக்கு இவ்வளவு என்று இருக்குமிடத்தில், பறக்காத நாளை எண்ணுவது எவ்வளவு கடினம் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இருந்தும், சுமப்பவன் பறக்கும் நாளும் வந்திருக்கின்றது. எவரெஸ்ட் உச்சியிலிருந்து முதன்முதல் இவ்வாறு பறந்தவர் ஜோன் மார்க் புவாவான் என்ற பிரெஞ்சுக்காரர்; ஆண்டு 1988. ஷெர்ப்பாக்களின் உழைப்பின்றி அந்த மலையில் வெளிநாட்டாரின் பெரும் பயணங்கள் நடந்ததில்லை என்பது உலகறிந்தது. 2011 மே மாதம் 21 ஆம் திகதி, லக்பா செரி ஷெர்பா, சானு பாபு சுனுவார் என்ற இரு நேபாள இளைஞர்கள் அதே உச்சியை அடைந்தார்கள். லக்பா மலையேறுவதில் தேர்ந்தவர், பறத்தலில் புதியவர், அவருக்கு நீந்தத் தெரியாது. சானு பாபு பறப்பவர், ஆற்றில் ஓடம் செலுத்துபவர். அந்தச் சிகரத்தில் முன்னர் ஏறியதில்லை. ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் கற்பித்தார். இருவரும் ஒரே சிறகில் உச்சியருகிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ நாற்பது நிமிடம் பறந்து, நாம்சே பஜாருக்கு மேலேயுள்ள வெளியில் இறங்கினார்கள். அங்கிருந்து துவிச்சக்கரவண்டியிலும், பின்னர் ஓடத்திலும் சென்று, ஆற்றின் வழியே ஜூன் இறுதியில் வங்காள விரிகுடாவை அடைந்தார்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கரைமோதுவது அதே கடல்தான்.

எத்தனையோ வீரச் செயல்களுக்கு நடுவே இதனை நான் தனியே எடுத்துச் சொல்லுவதற்குக் காரணமுண்டு. இங்கே ஒருவரும் பருந்தாகப் பிறக்கவில்லை. இரண்டு குருவிகள் தம்மிடமுள்ள அறிவைப் பங்கிட்டுக்கொண்டன; உலகத்தின் உச்சியிலிருந்து பறந்தன.

நமது மாணவர்கள் யாவரும் பராகிளைடர் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு புதிய தொகுதியின் விலை பல ஆயிரம் டொலர். நம் ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு அது எட்டாது. ஆனால் ஒரு பொலித்தீன் பையைச் சிறு விளக்கின் மேலே தலைகீழாகப் பிடித்து, சூடேறிய காற்று அதனை உயர்த்துவதைக் காட்ட எந்தப் பாடசாலையிலும் முடியும். உச்சிவேளையில் மாணவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, பருந்து எந்த இடத்துக்கு மேலே வட்டமிடுகின்றது, ஏன் அங்கே, ஏன் குளத்துக்கு மேலே இல்லை என்று கேட்க முடியும். தையல் மெஷினின் முன் இருக்கும் தாயையும், மந்தையின் பின்னே நடக்கும் பாட்டனையும், உச்சியிலிருந்து ஓடும் இளைஞனையும் ஒரே பாடத்திற் சேர்த்துச் சொல்ல முடியும். அப்படிக் கற்ற பிள்ளை அண்ணாந்து பார்க்கும்போது, அதன் கண்ணில் எங்கள் தலைமுறையின் அச்சம் இருக்காது. எசமானைப் பார்க்கும் பணிவும் இருக்காது.

குருவி பருந்தாகுமா என்று இனி யாரும் கேட்டால், கேள்வியே பிழை என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். பருந்தைத் தூக்குவது பருந்தின் குலம் அன்று. வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து எழும் காற்று. வெயில் எல்லாருடைய முற்றத்திலும் எரிக்கின்றது. அதில் எழும் காற்று எவருடைய முதுசொமும் அன்று.